இரண்டு செகண்ட் இரும்புச் சத்தம்

டங். டடங். டங்.

இரும்புத் தகட்டை இரும்பால் தட்டினால் என்ன சத்தம் வருமோ, அதுதான். மொத்தமே இரண்டு செகண்ட். இதில் ராகம் கிடையாது. பாட்டு கிடையாது. ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் யாராவது இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் ஜன்னலைத் திறந்து இரண்டு வார்த்தை கேட்டுவிடுவோம்.

இந்த இரண்டு செகண்ட் சத்தம் யாருக்குச் சொந்தம் என்று ஜெர்மனியில் ஒரு வழக்கு நடந்தது. 1999இல் ஆரம்பம். ஹாம்பர்க் கோர்ட், மேல்கோர்ட், உச்ச நீதிமன்றம், அரசியல் சாசன நீதிமன்றம், லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் என்று இருக்கிற படியெல்லாம் ஏறி இறங்கி, 2023இலும் முடிந்தபாடில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். செகண்டுக்குப் பன்னிரண்டு வருஷம்! நம் ஊர் வரப்புத் தகராறெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

வழக்குப் போட்டவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள் அல்ல. க்ராஃப்ட்வெர்க். எலக்ட்ரானிக் இசை என்று இன்றைக்கு உலகம் ஆடிக்கொண்டிருக்கிற சமாசாரத்துக்கு அஸ்திவாரம் போட்ட ஜெர்மன் கோஷ்டி.

இப்போது ஒரு வரி டைப் அடித்தால் போதும், ஒரு நிமிஷத்துக்குள் பல்லவி, சரணம், குரல் எல்லாம் சேர்த்து முழுப்பாட்டே போட்டுக் கொடுக்கும் ஏஐ வந்துவிட்டது. இயந்திரம் இசையமைக்கலாமா? அமைத்தால் அது யாருடையது? வேலை செய்தவன் யார், கூலி யாருக்கு? இதெல்லாம் என்னமோ நேற்று ராத்திரி முளைத்த கேள்விகள் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம். ம்ஹும். இந்த மனிதர்கள் இந்தக் கேள்விகளோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்து அரை நூற்றாண்டு ஆகிறது.

முன்கதையைப் பார்த்துவிட்டு வழக்குக்கு வருவோம்.

1945இல் ஜெர்மனி தோற்றது. ஊர்கள் இடிந்து கிடந்தன. தேசம் இரண்டாகப் போனது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய எதை எடுத்தாலும் அதன் மேல் ஹிட்லரின் கைரேகை. பாட்டி பாடிய நாட்டுப்பாட்டைப் பாடலாம் என்றால், அதையும் நாஜிகள் அணிவகுப்பில் பாடித் தீர்த்திருந்தார்கள். போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் ரேடியோவைத் திருகினால் அமெரிக்கப் பாட்டு. இன்னும் கொஞ்சம் திருகினால் பிரிட்டிஷ் பாட்டு. எங்கள் பாட்டு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ரால்ஃப் ஹ்யூட்டர் அப்படி ஒரு பிள்ளை. பிறந்தது 1946இல். ஃப்ளோரியன் ஷ்னைடர் 1947. இவருடைய அப்பா பெரிய கட்டடக் கலைஞர். கொலோன்-பான் விமான நிலையத்தை வடிவமைத்தவர். 60களின் கடைசியில் இரண்டு பேரும் ட்யூஸல்டார்ஃபில் இசை படிக்கப்போன இடத்தில் சந்தித்தார்கள். சுற்றிலும் ரைன் நதிக்கரையின் ஆலைகள், புகைபோக்கிகள். கொலோன் கூப்பிடு தூரம். அங்கே வானொலி நிலையத்தில் 1951இலேயே எலக்ட்ரானிக் இசைக்கென்று தனியாக ஒரு ஸ்டூடியோ திறந்திருந்தார்கள். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுஸன் மாதிரி மேதைகள் அதில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அது பண்டிதர்களின் இசை. தெருவில் போகிறவன் முணுமுணுக்க முடியாது.

இவர்கள் யோசித்தார்கள். பாட்டியின் பாட்டு கறைபட்டுவிட்டது. அமெரிக்காக்காரன் பாட்டு நம்முடையது இல்லை. நம்மைச் சுற்றி என்ன சத்தம் கேட்கிறது? மெஷின் சத்தம். சரி, அதுதான் நம் நாட்டுப்பாட்டு.

1970இல் க்ராஃப்ட்வெர்க் பிறந்தது. பெயருக்கு அர்த்தம், மின் உற்பத்தி நிலையம். நம் ஊரில் ஒரு கச்சேரி கோஷ்டி எண்ணூர் அனல்மின் நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டு மேடையேறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அங்கேயும் இருந்திருக்கும்.

ட்யூஸல்டார்ஃப் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பட்டறை மாதிரி ஓர் இடம் பிடித்தார்கள். கிளிங் கிளாங் என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸுக்குப் போகிற மாதிரி அங்கே போய் வேலை பார்த்தார்கள். தங்களைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வதில்கூட அவர்களுக்கு இஷ்டமில்லை. இசைத் தொழிலாளிகள் என்றார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கடையில் போய் வாங்கலாம் என்றால் அவர்களுக்கு வேண்டிய கருவி பாதி அப்போது கிடையாது. மினிமூக் என்கிற சின்தஸைஸர் வாங்கினார்கள். தன்னுடைய ஃபோக்ஸ்வேகன் காருக்கு ஆன விலை அதற்கும் ஆனது என்று ஹ்யூட்டர் சொல்லியிருக்கிறார். டிரம்ஸுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். தட்டையான உலோகத் தகடுகள், அவற்றிலிருந்து ஒயர்கள், கையில் உலோகக் குச்சிகள். குச்சி தகட்டைத் தொட்டால் மின்சாரம் பாயும், சத்தம் வரும். இதற்கு ஹ்யூட்டர், ஷ்னைடர் பெயரில் 1977இல் அமெரிக்கப் பேட்டன்ட்டே கிடைத்தது. அந்தத் தகடுகளைத் தட்டியவர் வுல்ஃப்காங் ஃப்ளூர். அதில் தன் கைவேலைக்கும் பங்கு உண்டு என்பது அவர் கட்சி. கோஷ்டியை விட்டுப் போன பிறகு, நான் ஒரு ரோபோவாக இருந்தேன் என்கிற பொருளில் தலைப்பு வைத்துச் சுயசரிதை எழுதினார். பழைய கூட்டாளிகள் அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். இயந்திர மனிதர்கள்தான். ஆனாலும் யார் செய்த வேலை, யார் பெயரில் வந்தது என்கிற பஞ்சாயத்து அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

1974இல் வந்தது ஆட்டோபான். நெடுஞ்சாலை என்று அர்த்தம். கார்க் கதவு சாத்தும் சத்தம், இன்ஜின் கிளம்பும் சத்தம், ஹாரன். பிறகு 22 நிமிஷத்துக்கு மேல் ஒரே பாட்டு, எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க. அதை மூன்றரை நிமிஷத்துக்கு வெட்டி ஒட்டி அமெரிக்க வானொலிகளில் விட்டார்கள். 1975இல் அமெரிக்க ஹிட் வரிசையில் 25ஆவது இடம், பிரிட்டனில் 11ஆவது இடம். அதுவும் ஜெர்மன் மொழிப் பாட்டு! ஆனாலும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் நாஜி ஜோக் அடித்தன. இது இசையா, ஃபாக்டரியா என்று கேட்டார்கள். ஃபாக்டரிதான் என்று இவர்களும் ஒப்புக்கொண்டதில் கேட்டவர்களுக்கு மேலே என்ன பேசுவதென்று தெரியவில்லை.

1978இல் அடுத்த கட்டம். மேன் மெஷின் என்கிற ஆல்பம். சிவப்புச் சட்டை, கறுப்பு டை, ஒட்ட வாரிய தலை, உதட்டில் சாயம். நான்கு பேரும் ஒரே அச்சு. போதாக்குறைக்கு தங்களைப் போலவே நான்கு பொம்மைகள் செய்து நிறுத்தினார்கள். நாங்கள் ரோபோக்கள் என்று அறிவித்தார்கள். அந்தப் பாட்டின் நடுவே ரஷ்ய மொழியில் ரோபோ தன்னை ஊழியன் என்று அறிமுகம் செய்துகொள்ளும்.

ஏன் ஊழியன்?

ரோபோ என்ற சொல்லைப் பெற்றெடுத்தது விஞ்ஞானி இல்லை. செக் நாட்டு நாடக ஆசிரியர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ரொபோட்டா என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் செய்துதர வேண்டிய கட்டாய உழைப்பு. கூலி கிடையாது. நம் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வெட்டி என்று ஒரு சொல் வரும். ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. அதேதான் இது. ஆக, ரோபோ என்றால் சரியான தமிழ் இயந்திர மனிதன் இல்லை. வெட்டிக்காரன்.

க்ராஃப்ட்வெர்க்கின் ரோபோ வேடத்தை வெறும் ஸ்டைல் என்று நினைத்தவர்கள் அதிகம். அது ஸ்டைலும்தான். ஆனால் உள்ளே ஒரு விஷயம் இருந்தது. மனிதக் குரலை வோகோடர் என்கிற கருவிக்குள் விட்டு உலோகக் குரலாக வெளியே எடுத்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெலிபோனுக்காகக் கண்டுபிடித்து, இரண்டாம் உலகப்போரில் ரகசியப் பேச்சுக்குப் பயன்பட்ட சங்கதி அது. கேட்கிற எவனுக்கும் இது மெஷின் என்று உடனே தெரிந்துவிடும். அதை அவர்கள் மறைக்கவே இல்லை. இன்றைக்கு நடப்பது இதற்கு நேர் தலைகீழ். மெஷின் பாடுகிறது, மனிதன் பாடுகிற மாதிரி. மூச்சு வாங்குகிற சத்தத்தைக்கூடச் சேர்த்துக் கொடுக்கிறது. க்ராஃப்ட்வெர்க்கில் மனிதன் மெஷின் வேஷம் கட்டினான். இப்போது மெஷின் மனித வேஷம் கட்டுகிறது. முதலாவது நாடகம். இரண்டாவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

1981 மே மாதம் கம்ப்யூட்டர் வேர்ல்ட் வந்தது. ஐபிஎம் தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது அந்த வருஷம் ஆகஸ்டில். அதாவது ஐபிஎம்மின் பர்சனல் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே பாட்டு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து திரை வழியே துணை தேடுகிறவனைப் பற்றி அதில் ஒரு பாட்டு. பாக்கெட் கால்குலேட்டரைப் பற்றி இன்னொன்று. ஆனால் முக்கியமானது தலைப்புப் பாட்டு. இன்டர்போல், டாய்ச்ச பேங்க், எஃப்பிஐ, ஸ்காட்லாந்து யார்டு என்று பெயர்களாக அடுக்கிக்கொண்டே போகும். ஜெர்மன் பதிப்பில் கூடுதலாக இரண்டு பெயர்கள். ஒன்று ஃப்ளென்ஸ்பர்க். டிராஃபிக் குற்றங்களைப் பதிந்து வைத்திருக்கும் ஊர். இன்னொன்று பிகேஏ. மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை.

அந்தப் பெயரைக் கேட்டதும் அன்றைய ஜெர்மன்காரர்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். ஹோர்ஸ்ட் ஹெரால்ட். 1971 முதல் 1981 வரை பிகேஏவின் தலைவர். கம்ப்யூட்டர் கமிஷனர் என்றே பத்திரிகைகள் அவரைக் கூப்பிட்டன. செம்படைப் பிரிவு என்கிற தீவிரவாதக் குழுவை வலைவீசித் தேடிக்கொண்டிருந்த காலம். ஹெரால்ட் வீசியது டேட்டா வலை. 1979இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் என்ன செய்தார் என்றால், தலைமறைவாக இருக்கிறவன் பொய்ப் பெயரில்தான் வீடு எடுப்பான், பொய்ப் பெயரில் பேங்க் கணக்கு வைக்க முடியாது, அதனால் கரன்ட் பில்லை ரொக்கமாகத்தான் கட்டுவான் என்று கணக்குப் போட்டார். ரொக்கமாகக் கட்டியவர்கள் சுமார் 18,000 பேர். வீட்டு முகவரி பதிந்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், பென்ஷன்காரர்கள், உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் என்று பட்டியல் பட்டியலாகக் கொடுத்து ஒவ்வொருவராகக் கழிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கழித்துக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டே பேர். ஒருவன் போதைப்பொருள் வியாபாரி. இன்னொருவன் தேடப்பட்ட தீவிரவாதி.

அபாரமான மூளைதான், சந்தேகமில்லை. ஆனால் மிச்சம் 17,998 பேர் என்ன தப்பு செய்தார்கள்? கரன்ட் பில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஹிட்லர் காலத்தில் பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்த தேசம் அது. 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அரசாங்கம் ஆரம்பித்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த வருஷம் டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தன்னைப் பற்றிய தகவலை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்த மனிதனின் உரிமை. ஏஐக்குத் தீனியாக நம் போட்டோவையும் பேச்சையும் அள்ளிப் போடுகிறார்களே என்று இன்றைக்கு நாம் கேட்பதற்கெல்லாம் தாய்வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பாட்டு அதற்கும் இரண்டு வருஷம் முந்தியது.

இதில் ஒரு தமாஷ். கம்ப்யூட்டர் வேர்ல்ட் ஆல்பத்தைச் செய்தபோது இவர்களிடம் கம்ப்யூட்டரே கிடையாது! ஹ்யூட்டரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எல்லாம் அனலாக் கருவிகள். குமிழைத் திருகி, ஒயரைச் சொருகி, கையால் செய்தது.

இவர்கள் மெஷினை வெறுத்தவர்கள் அல்ல. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் இல்லை. 1975இல் ரேடியோ ஆக்டிவிட்டி என்று ஒரு பாட்டு. வானொலியையும் கதிரியக்கத்தையும் ஒரே சொல்லில் வைத்து விளையாடிய பாட்டு. ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா என்று அன்றைக்குச் சொல்ல முடியாது. 1986இல் செர்னோபில் வெடித்தது. 1991இல் அதே பாட்டை மறுபடி செய்தபோது நிறுத்து என்ற சொல்லைச் சேர்த்தார்கள். செர்னோபில், ஹிரோஷிமா பெயர்கள் வந்தன. 2012இல் ஜப்பானில் அணு உலைக்கு எதிரான ஒரு கச்சேரியில் பாடியபோது ஃபுகுஷிமாவும் சேர்ந்தது, ஜப்பானிய மொழியிலேயே. ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிப் பாடிவிட்டு, அது என்ன செய்கிறதென்று முப்பத்தேழு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்து, பாட்டைத் திருத்திக்கொண்டே போவது சாதாரணமில்லை.

இதற்கு நடுவே அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு காரியம் நடந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கறுப்பின இளைஞர்களின் தெரு விருந்துகளில் ஆஃப்ரிகா பம்பாட்டா என்கிற டிஜே இந்த ஜெர்மன் ரெக்கார்டுகளைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கிறங்கியது. 1982இல் அவரும் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரும் சேர்ந்து ப்ளானெட் ராக் என்று ஒரு பாட்டு போட்டார்கள். மெட்டு, க்ராஃப்ட்வெர்க்கின் ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ். தாளம், க்ராஃப்ட்வெர்க்கின் நம்பர்ஸ். வெட்டி ஒட்டவில்லை. தாங்களே புதிதாக வாசித்தார்கள். கேட்காமல்தான் எடுத்தார்கள். பிறகு பணம் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். ஆனால் அந்தப் பாட்டிலிருந்து ஹிப்-ஹாப்பில் ஒரு புதுக் கிளையே முளைத்தது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்ஸன் என்று மூன்று பள்ளிக்கூட சிநேகிதர்கள் க்ராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்து டெக்னோவை உண்டாக்கினார்கள். கார் ஃபாக்டரி ஊரிலிருந்து போன சத்தம், இன்னொரு கார் ஃபாக்டரி ஊரில் வேர் பிடித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ட்யூஸல்டார்ஃப் டெட்ராய்ட் அளவுக்குக் கார் ஊர் இல்லை. ஆலை ஊர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வழக்குக்கு வரலாம்.

1997இல் ஜெர்மன் ராப் பாடகி சப்ரினா செட்லுர் ஒரு பாட்டு வெளியிட்டார். தயாரித்தவர்கள் மோஸஸ் பெல்ஹாமும் மார்ட்டின் ஹாஸும். பின்னணியில் டங் டடங் என்று ஒரு தாளம் திரும்பத் திரும்ப ஓடும். 1977இல் வந்த மெட்டால் அவுஃப் மெட்டால் என்கிற க்ராஃப்ட்வெர்க் இசையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த இரண்டு செகண்ட். உலோகத்தின் மேல் உலோகம் என்று அர்த்தம். ஹ்யூட்டரும் ஷ்னைடரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2008இல் உச்ச நீதிமன்றம், எவ்வளவு சின்னத் துணுக்கானாலும் எடுத்தது எடுத்ததுதான் என்றது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம், இப்படி எடுத்துக் கோப்பதுதான் ஹிப்-ஹாப்பின் கலையே, கலைச் சுதந்திரத்தையும் பாருங்கள் என்று தீர்ப்பைத் திருப்பியது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஓர் அளவுகோல் கொடுத்தது. எடுத்த சத்தத்தைக் காதால் கேட்டு அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றிவிட்டால் தப்பில்லை. அடையாளம் தெரிந்தால் அனுமதி வாங்க வேண்டும். 2022இல் ஹாம்பர்க் மேல்கோர்ட் கணக்கை முடிக்கப் பார்த்தது. 2002 டிசம்பர் வரை எடுத்தது சரி, அதற்குப் பிறகு 2021 ஜூன் வரை தப்பு, அதற்கப்புறம் சட்டம் மாறிவிட்டதால் மறுபடியும் சரி! அதே இரண்டு செகண்ட்தான். 2023இல் உச்ச நீதிமன்றம் தலையைச் சொறிந்துகொண்டு கேஸை மறுபடி லக்சம்பர்க்குக்கு அனுப்பியது. அதற்குள் ஷ்னைடர் 2020 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

பம்பாட்டாவை நினைத்துக்கொண்டு படித்தால், ஹ்யூட்டர் கொஞ்சம் அழும்பு பண்ணுகிறாரோ என்று தோன்றும். எடுப்பதும் கொடுப்பதுமாகத்தானே இசை வளர்ந்தது? நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெல்ஹாம் எடுத்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். யாரிடமிருந்து, எந்த வருஷம், எத்தனை செகண்ட், எல்லாம் தெரியும். அதனால்தான் வழக்கே போட முடிந்தது. எடுத்தவருக்கும் முகம் இருக்கிறது, பறிகொடுத்தவருக்கும் முகம் இருக்கிறது.

ஏஐ இந்த இடத்தில்தான் நழுவுகிறது. லட்சக்கணக்கான பாட்டுகளை விழுங்கிவிட்டு அது துப்புகிற பாட்டில் எந்த இரண்டு செகண்டையும் காட்டி இது என்னுடையது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அடையாளம் தெரியாதபடி மாற்றினால் தப்பில்லை என்பது ஒரு மனிதன் ஒரு துணுக்கை எடுக்கிற காலத்துக்குப் போட்ட அளவுகோல். எல்லோரிடமும் எல்லாவற்றையும் எடுத்து அரைத்துவிட்டால் காது என்ன செய்யும், பாவம்?

2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து சுனோ, யூடியோ என்கிற ஏஐ இசை நிறுவனங்களின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவோடு கைகுலுக்கிக்கொண்டது. நவம்பரில் வார்னர் சுனோவோடு. அதே நவம்பரில் ம்யூனிக் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜெர்மன் இசையமைப்பாளர்களின் சங்கமான கெமா, ஓப்பன்ஏஐ மீது போட்ட வழக்கு. ஒன்பது பாட்டுகளின் வரிகள். வெளியே வருவது மட்டும் இல்லை, அந்த வரிகள் மாடலுக்குள்ளேயே பதிந்து கிடப்பதும் பிரதி எடுத்ததற்குச் சமம் என்றது கோர்ட். காதுக்குத் தெரிகிறதா என்ற கேள்வி போய், வயிற்றுக்குள் இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிட்டது.

கம்பெனியும் கம்பெனியும் கைகுலுக்கிக்கொள்வது சுலபம். பட்டறையில் உட்கார்ந்து தகட்டைத் தட்டியவனுக்கு அதில் எத்தனை பைசா வரும் என்பதுதான் விஷயம். ஃப்ளூர் கேட்டதும் அதைத்தான்.

2025இல் ஆட்டோபானின் ஐம்பதாண்டைக் கொண்டாட ஹ்யூட்டர் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்கு மேஜைகள், நான்கு பேர், அசையாத முகம், சாதாரணமாகத்தான் நின்றார்கள். அது கணக்கில் வராது. நின்றது யார் என்பதுதான் கணக்கு. பெயர் இருக்கிற, கூலி வாங்குகிற, வேண்டாமென்றால் கோர்ட்டுக்குப் போகிற ரோபோக்கள்.

ரொபோட்டா என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு என்று பார்த்தோம். அப்படியானால் இன்றைய ஏஐ கூடத்தில் ரோபோ யார்? அந்த மெஷினா? அதற்கு மின்சாரம், கட்டடம், குளிரூட்டி எல்லாம் கோடிக்கணக்கில் செலவு செய்து ராஜ உபசாரம் நடக்கிறது. கேட்காமல் கொள்ளாமல் யாருடைய பாட்டை, யாருடைய எழுத்தை, யாருடைய குரலை அதற்குள் கொட்டினார்களோ, சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள்தான்.

1978இல் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் ரோபோக்கள் என்று அந்த நான்கு பேர் சொன்னபோது, இது ஏதோ எதிர்கால விஞ்ஞானக் கற்பனை என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் தொழிலாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.